மூன்று பேர் பார்க்கும் நேரலை: எதை வைத்துத் தொடங்குவது?

என் முதல் நேரலையில் 22 நிமிடம் ஊமைப்படம் காட்டினேன். தொடங்குவதற்குச் சற்று முன்பு ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தேன்; அந்த இடைவெளியில் கணினி தானாகவே வேறொரு மைக்குக்கு மாறிவிட்டது. திரையில் என் முகம் தெரிந்தது, வாய் அசைந்தது, எனக்கு எல்லாம் ஒழுங்காகவே பட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அவர்களில் ஒருவர் நான்காவது நிமிடத்திலேயே "சத்தம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். ஒன்பதாவது நிமிடத்தில் மறுபடியும் எழுதிவிட்டுப் போய்விட்டார். அரட்டைப் பகுதியை நான் வேறொரு சாளரத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன்.

அந்த மூன்று பேரை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ள தேர்வுகளை எல்லாம் எடைபோட்டிருக்கிறேன். நேரலை பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் நேரலைக்கானது: மூன்று கேமரா, வண்ண விளக்கு, சந்தா சேரும்போது துள்ளும் அறிவிப்புப் படங்கள். புதிதாக வருபவருக்கு முதல் சில மாதங்கள் கிடைப்பது பூஜ்யத்திலிருந்து நான்கைந்து பேர் வரைதான். ஆகவே ஒவ்வொரு தேர்விலும் நான் கேட்பது இரண்டு கேள்விகள். மூன்று பேர் மட்டும் இருக்கும்போது இது உதவுமா? எல்லாம் முடிந்த பிறகு நான்காவது ஆள் வந்து எட்டிப் பார்த்தால் அவருக்கு ஏதாவது மிஞ்சியிருக்குமா?

நேரலையா, பதிவா?

தளத்தைத் தேர்வதற்கு முன்பு இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பலர் செய்ய விரும்புவது நேரலையே அல்ல. எழுதிவைத்த உரையைக் கேமராவுக்கு முன் படிக்க விரும்புகிறார்கள். அதற்குப் பதிவுதான் சரி. தடுமாறிய இடத்தை வெட்டலாம், மறுபடி பேசலாம். யூடியூபில் 2018 முதல் 'பிரீமியர்' என்றொரு வசதி இருக்கிறது. பதிவுசெய்த வீடியோவைக் குறித்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் பார்ப்பதுபோல் வெளியிடலாம். வீடியோ ஓடும்போது நீங்கள் நிம்மதியாக அரட்டையில் உட்கார்ந்து பதில் எழுதலாம். பேச்சில் தயக்கம் உள்ளவர்களுக்கும், இணையம் நம்பமுடியாமல் இருப்பவர்களுக்கும் இது நேரலையைவிட நல்ல தொடக்கம் என்பது என் கருத்து.

அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியாதபோதுதான் நேரலைக்கு அர்த்தம் வருகிறது. விளையாட்டு, பார்வையாளர் கேள்விக்குப் பதில், ஒரு பொருளைப் பிரித்துப் பழுதுபார்ப்பது, வெற்றுத் தாளிலிருந்து ஓவியம் எழும்புவது, நிரலில் எங்கே பிழை என்று தேடுவது. பார்ப்பவர் ஒருவர் "அந்த இடது பக்கத் திருகைப் பாருங்கள்" என்று எழுதி, அதனால் நீங்கள் கையைத் திருப்பினால் அது நேரலை. அப்படி எதுவும் நடக்க வாய்ப்பில்லாத பொருளென்றால் பதிவுசெய்வதே மேல்.

எந்தத் தளம்?

அதிகம் குழப்புவது இதுதான். ஒவ்வொரு தளமும் புதியவரை நடத்தும் விதம் வேறு.

ட்விட்ச் 2011-இல் ஜஸ்டின்.டிவி என்ற தளத்திலிருந்து பிரிந்து வந்தது. 2014-இல் அமேசான் வாங்கியது. நேரலைக்கென்றே கட்டப்பட்ட இடம். அரட்டைப் பண்பாடு, சின்னச் சின்ன முகபாவப் படங்கள், ஒரு நேரலை முடிந்ததும் தன் பார்வையாளர்களை இன்னொருவருக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் எல்லாம் அங்கே ஊறிப்போனவை. விளையாட்டு உங்கள் துறையென்றால் ரசிகர்கள் ஏற்கெனவே அங்கே குடியிருக்கிறார்கள். ஆனால் புதியவருக்கு அங்கே இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. முதலாவது, ஒரு விளையாட்டின் பக்கத்தைத் திறந்தால் கண்ணில் முதலில் படுபவை பெரும்பாலும் ஏற்கெனவே கூட்டம் உள்ள நேரலைகள். மூன்று பேர் பார்க்கும் நேரலை எங்கோ அடியில் கிடக்கும். பிரபலமான விளையாட்டை எடுத்தால் உங்களை எட்ட ஒருவர் திரையை உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அவ்வளவு பொறுமை யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

இரண்டாவது இடைஞ்சலைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பும் படத்தைத் தளம் பல தரங்களில் மாற்றித் தந்தால்தான், மெதுவான இணையம் உள்ளவர் தரத்தைக் குறைத்துக்கொண்டு பார்க்க முடியும். ட்விட்ச் இந்த வசதியைப் பார்ட்னர் (தளத்தோடு ஒப்பந்தம் உள்ள, ஏற்கெனவே கூட்டம் சேர்த்த படைப்பாளி) தகுதி பெற்றவர்களுக்குத்தான் உறுதியாகத் தருகிறது. மற்றவர்களுக்குச் சேவையகத்தில் இடம் இருந்தால் கிடைக்கும். கிடைக்காத நாளில், நீங்கள் 6000 கேபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை கிலோபிட் தரவு) அனுப்பினால் பார்ப்பவரும் 6000 கேபிபிஎஸ்ஸை இழுத்தே ஆகவேண்டும். பேருந்தில் இருந்தபடி கைபேசியில் பார்ப்பவருக்குப் படம் நின்று நின்று வரும். மூன்று பேரில் ஒருவர் போய்விட்டால் மூன்றில் ஒரு பங்கு ரசிகர் கூட்டம் காலி.

யூடியூப் இந்த மாற்றும் வேலையை எல்லோருக்கும் செய்துகொடுக்கிறது. அதைவிட முக்கியம், 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலை தானாகவே பதிவாகிச் சேனலில் தங்கிவிடுகிறது. தலைப்பு தெளிவாக இருந்தால் ஆறு மாதம் கழித்தும் தேடலில் அகப்படும். நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு, அதாவது நான்காவது ஆளுக்கு, இங்கேதான் நல்ல பதில் இருக்கிறது. ட்விட்சில் பழைய நேரலைகள் புதியவர்களுக்குச் சில நாட்களில் அழிந்துவிடும். அதற்கும் முதலில் சேமிக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தனியாக வெட்டிவைத்துக்கொள்ளும் தொகுப்புகளுக்கும் 2025 ஏப்ரல் முதல் 100 மணி நேரம் என்ற வரம்பு வந்துவிட்டது.

யூடியூபுக்கும் தன் கெடுபிடிகள் உண்டு. தொலைபேசி எண்ணைச் சரிபார்த்து நேரலையை முதன்முறை இயக்கும்போது 24 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். "இன்று இரவு எட்டு மணிக்கு" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு ஏழரை மணிக்கு இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர். கைபேசிச் செயலியிலிருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். கணினியிலிருந்து செய்ய அந்த எண்ணிக்கை தேவையில்லை. 2025 ஜூலை முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் தனியாக நேரலை நடத்த முடியாது. பெரியவர் ஒருவர் உடன் இருக்கவேண்டும்.

இன்ஸ்டாகிராம் நேரலைக்கு 2025 ஆகஸ்ட் முதல் 1000 பின்தொடர்வோரும் பொதுக் கணக்கும் தேவை. ஆகவே முற்றிலும் புதியவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஏற்கெனவே படங்களும் குறும்படத் துணுக்குகளும் போட்டு ஆயிரம் பேரைச் சேர்த்தவருக்கு மட்டும் அது மிக எளிய வழி: பொத்தானை அழுத்தினால் தெரிந்தவர்களுக்கு அறிவிப்பு போகிறது, முன்பின் தெரியாதவர்களால் அல்லாமல் தெரிந்த முகங்களால் அரட்டை நிறைகிறது. ஃபேஸ்புக்கில் கணக்குக்கு 60 நாள் வயதும் பக்கத்துக்கு 100 பின்தொடர்வோரும் இருக்கவேண்டும். 2025 பிப்ரவரி முதல் அங்கே நேரலைப் பதிவு 30 நாளில் நீக்கப்படுகிறது. தரவிறக்கி வைக்க மறந்தால் போனது போனதுதான்.

கிக் என்ற தளம் 2022 இறுதியில் வந்தது. சந்தா வருமானத்தில் 95 சதவீதம் படைப்பாளிக்கே என்று சொல்லி ஆட்களை ஈர்த்தது. பூஜ்யத்தில் 95 சதவீதம் எவ்வளவு என்பதைத் தொடக்க நிலையில் இருப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். வருமானப் பங்கீட்டை வைத்து முதல் தளத்தைத் தேர்வது, வீடு கட்டும் முன்பே வாடகை ரசீது அடிப்பதுபோல.

என் தீர்ப்பு: சொல்லிக்கொடுப்பது, செய்துகாட்டுவது, கேள்வி-பதில் ஆகியவற்றுக்கு யூடியூப். விளையாட்டு என்றால் ட்விட்ச். அதிலும் கூட்டம் குறைந்த, ஆனால் விசுவாசமான ரசிகர்கள் உள்ள விளையாட்டாகப் பார்த்து எடுக்கவேண்டும். அந்தப் பக்கத்தில் இருபது நேரலைதான் ஓடுகிறது என்றால் உங்களுடையதும் கண்ணில் படும். ஏற்கெனவே ஓரிடத்தில் ஆயிரம் பேர் இருந்தால் அங்கேயே தொடங்குங்கள், மேலே சொன்ன எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

ஒரே நேரத்தில் பல தளங்களுக்கு அனுப்பலாமே என்று கேட்பார்கள். 2023 அக்டோபரில் ட்விட்சும் அதற்கான தடையைத் தளர்த்திவிட்டது. முடியும்தான். ஆனால் மூன்று பேரை மூன்று அறைகளில் தனித்தனியே உட்காரவைத்தால் ஒவ்வொருவரும் காலி மண்டபத்தைத்தான் பார்ப்பார். ஓர் அறையில் மூன்று பேர் இருந்தால் அவர்களே ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள்.

கைபேசியா, உலாவியா, ஓ.பி.எஸ்ஸா?

கைபேசி வெளியிடங்களுக்கு ஏற்றது. எடுத்தோம், அழுத்தினோம் என்று முடிந்துவிடும். ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் போனால் சூடேறும், சூடேறினால் படம் தடுமாறும். நடுவில் அழைப்பு வந்தால் சில கைபேசிகளில் நேரலையே நின்றுவிடும். விமான நிலைக்கு மாற்றி, வைஃபையை மட்டும் இயக்கி, சார்ஜரில் செருகிவைப்பது நல்ல பழக்கம். பின்பக்கக் கேமராவின் படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் அரட்டை உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மூன்று பேரில் ஒருவர் எழுதுவதைப் பார்க்காமல் விடுவதைவிட முன்பக்கக் கேமராவின் மங்கல் தேவலை.

ஸ்ட்ரீம்யார்ட், ரீஸ்ட்ரீம் போன்றவை உலாவிக்குள்ளேயே இயங்கும் அரங்குகள். கனமான வேலையை அவர்களுடைய சேவையகம் பார்த்துக்கொள்வதால் பழைய மடிக்கணினியிலும் ஓடும். விருந்தினரை அழைப்பது இதில் மிக எளிது. ஓர் இணைப்பை அனுப்பினால் அவர் வந்து உட்கார்ந்துவிடுவார். பேட்டியும் உரையாடலும்தான் உங்கள் நிகழ்ச்சி என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். இலவசத் திட்டத்தில் திரையின் மூலையில் அவர்கள் சின்னம் இருக்கும்.

ஓ.பி.எஸ். 2012-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விளையாட்டுத் திரை, கேமரா, படங்கள், எழுத்து எல்லாவற்றையும் காட்சி காட்சியாக அடுக்கி, ஒரு விசையில் மாற்றலாம். முதல் நாள் திறந்தால் மிரட்டும். இரண்டு மாலை செலவிட்டால் பழகிவிடும். திரையைக் காட்டும் வேலை உங்களுடையது என்றால் கடைசியில் இங்கேதான் வந்து சேர்வீர்கள், ஆகவே முதலிலேயே வருவது நல்லது. நேரலை போகும்போதே உங்கள் கணினியிலும் பதிவு ஓடவிடலாம். அப்போது கோப்பு வகையை எம்கேவி என்று வையுங்கள். சாதாரண எம்பி4 கோப்பு நடுவில் மின்சாரம் போனால் திறக்காமலே போய்விடலாம்; எம்கேவியில் நின்ற இடம் வரை பத்திரமாக இருக்கும். பிறகு ஓ.பி.எஸ்ஸிலேயே ஒரு நிமிடத்தில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

தளம் உங்களுக்குத் தரும் ஸ்ட்ரீம் கீ என்னும் நீண்ட எழுத்துக்கோவையை வீட்டுச் சாவியாக நினையுங்கள். அமைப்புப் பக்கத்தைத் திறந்தபடி திரையைக் காட்டிக்கொண்டிருந்தால், யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்து உங்கள் சேனலில் தன் படத்தை ஓடவிடலாம். தெரிந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே புதிய கீ வாங்கிவிட வேண்டும்.

வைஃபையா, கேபிளா?

கேபிள். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை, ஆனால் ஏன் என்று சொல்லிவிடுகிறேன்: கேபிளில் வேகம் வைஃபைபோல் ஏறி இறங்காது.

வீடியோ பார்ப்பதற்குப் பதிவிறக்க வேகம் போதும். நேரலைக்குத் தேவை பதிவேற்ற வேகம். இணைய நிறுவனங்களின் விளம்பரத்தில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் முதலாவதுதான். வேகச் சோதனையில் இரண்டாவது எண்ணைப் பாருங்கள், ஒரே தடவை அல்ல, நேரலை செய்யப்போகும் அதே நேரத்தில் இரண்டு மூன்று நாள் பாருங்கள். வந்த எண்களில் மிகக் குறைந்ததை எடுத்து, அதில் பாதியைத்தான் பிட்ரேட்டாக, அதாவது விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவாக, வைப்பேன். பதிவேற்றம் 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 8 மெகாபிட்) என்றால் 4. 720பி (720 புள்ளி உயரமுள்ள) படத்துக்கு, விநாடிக்கு 30 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) என்ற கணக்கில், அது தாராளம். ட்விட்சுக்கு 3 இருந்தாலே போதும். 4 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு ஏறத்தாழ 1.8 ஜிபி தரவு செலவாகும் என்பதையும் கைபேசி இணையத்தை நம்பி இறங்குபவர்கள் கணக்கில் வைக்கவேண்டும்.

1080பியா 720பியா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. தடங்கலில்லாத 720பி, விக்கி விக்கி வரும் 1080பியைவிடப் பார்க்க இதம். நிரலின் சின்ன எழுத்துகளைக் காட்டுபவருக்கு மட்டும் 1080பி உண்மையிலேயே தேவைப்படும். அவரும் விநாடிக்கு 30 சட்டங்களோடு நிறுத்திக்கொள்ளலாம், நிரல் ஒன்றும் ஓடி ஒளிந்துவிடாது. வேகமான விளையாட்டுக்குத்தான் 60 சட்டங்கள் வேண்டும். ஓ.பி.எஸ். அமைப்பில் பிட்ரேட் நிலையாக இருக்கும்படி சிபிஆர் என்றும், கீஃப்ரேம் (முழுப் படத்தையும் புதிதாகத் தரும் சட்டம்) இடைவெளியை 2 விநாடி என்றும் வைத்துவிட்டால் யூடியூப், ட்விட்ச் இரண்டுக்கும் பொருந்தும்.

ஓ.பி.எஸ்ஸில் புள்ளிவிவரங்கள் என்றொரு சிறிய பலகை உண்டு. அதைத் திறந்தே வையுங்கள். படம் தடுமாறினால் பலரும் உடனே இணையத்தைத் திட்டுகிறார்கள். அந்தப் பலகையில் மூன்று தனித்தனி வரிகள் இருக்கின்றன. நெட்வொர்க்கால் விடுபட்ட சட்டங்களின் எண்ணிக்கை ஏறினால்தான் இணையம் குற்றவாளி, பிட்ரேட்டைக் குறைக்கவேண்டும். குறியாக்கத் தாமதம் என்ற வரி ஏறினால் படத்தைச் சுருக்கும் வேலை கணினிக்குத் தாங்கவில்லை என்று பொருள். கணினியின் மையச் செயலகத்தில் (சிபியு) நடக்கும் எக்ஸ்264 முறையை விட்டுவிட்டு, கிராஃபிக்ஸ் அட்டையில் உள்ள குறியாக்கிக்கு மாறிப்பாருங்கள். மூன்றாவதாகக் காட்சியமைப்புத் தாமதம். கிராஃபிக்ஸ் அட்டையை விளையாட்டே முழுதாக விழுங்கிவிட்டது என்று அர்த்தம். விளையாட்டின் சட்ட வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தால் சரியாகும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் ரௌட்டரை அறை அறையாக நகர்த்திக்கொண்டிருந்தேன். தவறு மூன்றாவது வரியில் இருந்தது.

மைக்கா, கேமராவா?

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் மைக். படம் மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். இரைச்சலான குரலைப் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் பொறுப்பதில்லை. மேலும் பலர் நேரலையை ஒரு பக்கம் ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள்; அவர்களுக்கு நீங்கள் ஒரு குரல் மட்டுமே.

மைக்கில் கண்டென்சர், டைனமிக் என்று இரண்டு வகை. கண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும். உங்கள் குரலோடு மின்விசிறி, தெரு, பக்கத்து அறைத் தொலைக்காட்சி எல்லாவற்றையும் சேர்த்து நுணுக்கமாகக் கேட்கும். டைனமிக் வகை அவ்வளவு காது கூர்மை இல்லாதது, வாய்க்கு அருகில் வைத்துத்தான் பேசவேண்டும். அமைதியான அறை இல்லாதவர்களுக்கு அந்த மந்தமே வரம். யுஎஸ்பியில் நேராகச் செருகும் மைக் தொடக்கத்துக்குப் போதும். எக்ஸ்எல்ஆர் என்னும் மூன்று முனைச் செருகி உள்ள மைக்குக்குத் தனியாக ஓர் ஆடியோ இணைப்புப் பெட்டி வேண்டும், அதை இரண்டாம் ஆண்டுக்கு விட்டுவிடலாம்.

எந்த மைக் வாங்கினாலும் தூரம்தான் பாதி வேலையைச் செய்கிறது. முழம் தூரத்தில் இருப்பதை ஒரு சாண் தூரத்துக்கு இழுத்தால், அதாவது பாதியாக்கினால், உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் கூடும்; அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். ஓ.பி.எஸ். ஒலிப்பட்டையில் சாதாரணப் பேச்சு மஞ்சள் பகுதியில் ஏறி இறங்கவேண்டும். சிரிக்கும்போது சிவப்பைத் தொட்டால் பரவாயில்லை, அங்கேயே குடியிருந்தால் ஒலி பிசிறடிக்கும்.

கேமராவுக்கு இருப்பதே போதும். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைக்காமல் முகத்துக்கு நேராக வைத்து உட்கார்ந்தாலே மடிக்கணினிக் கேமராவில் மனித முகம் தெரியும்.

தாமதம்

நீங்கள் பேசுவது பார்வையாளரைச் சேரச் சில விநாடிகள் ஆகும். யூடியூபில் மூன்று நிலைகள் உள்ளன. தாமதத்தை அதிகம் விட்டால் படம் நிலையாக ஓடும். மிகக் குறைத்தால் அரட்டை உரையாடலாகும், ஆனால் இணையம் சற்றுத் தடுமாறினாலும் படம் நிற்கும். ஆயிரம் பேர் பார்க்கும் நிகழ்ச்சிக்கு முதலாவது. மூன்று பேரென்றால் மிகக் குறைந்த தாமதம். "எல்லோரும் நலமா?" என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் வெறும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

பின்னணியில் பிடித்த திரைப்பாடலை ஓடவிடும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். யூடியூப் நேரலையையும் பதிப்புரிமைக்காகச் சோதிக்கிறது. பொருத்தம் கண்டால் நடுவிலேயே உங்கள் படத்தை எடுத்துவிட்டு வெறும் அட்டையைக் காட்டலாம்.

பொது நேரலைக்கு முந்தைய நாள் யூடியூபில் 'பிரைவேட்' என்று வைத்துப் பத்து நிமிடம் ஓட்டிப்பாருங்கள். யாருக்கும் தெரியாது. வழக்கமான வேகத்தில் பேசுங்கள், ஒருமுறை உரக்கச் சிரியுங்கள், காட்சிகளை மாற்றுங்கள், ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். முடிந்ததும் அதே கணக்கில் நுழைந்த கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, ஹெட்போனில் அந்தப் பத்து நிமிடத்தை முழுதாகக் கேளுங்கள். ஹெட்போனை மாட்டிய இடத்துக்குப் பிறகும் குரல் வருகிறதா என்று நான் இன்றும் பார்க்கிறேன். அரட்டைச் சாளரம் இப்போது திரையின் வலப்பக்கத்தில், எதுவும் மறைக்காத இடத்தில் இருக்கிறது.